வர்க்கமூலச் சமன்பாட்டில் பொய் மூலம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: √(க + 6) = க என்ற சமன்பாட்டை இருபுறமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 3, −2 என்று இரண்டு விடை கிடைக்கிறது. −2 பொய் மூலம், அதாவது கணக்கில் வந்தும் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை என்று அடித்துவிடச் சொல்கிறார்கள். ஒரு வரியில்கூடத் தப்புச் செய்யாதபோது தப்பான விடை எப்படி வரும்? ஒவ்வொரு கணக்கிலும் பிரதியிட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டுமா?

(தெரியாத எண்ணுக்கு இந்தப் பதில் முழுக்க 'க' என்று போடுகிறேன். நோட்டில் வழக்கம்போல எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.)

முதலில் நேரடிப் பதில். −√(க + 6) = க என்று முன்னால் ஒரு மைனஸ் போட்டு இன்னொரு கணக்கை எழுதிப் பாருங்கள். அதில் −2-ஐப் போட்டால் −√4 = −2, பொருந்துகிறது. அந்தக் கணக்குக்கு −2 சரியான விடை. வர்க்கப்படுத்தியதும் முன்னால் இருந்த மைனஸ் காணாமல் போய்விடுவதால், உங்கள் கணக்கும் அந்த ஜோடிக் கணக்கும் க + 6 = க² என்ற ஒரே வரியில் வந்து நிற்கின்றன. அதைத் தீர்க்கும்போது இரண்டு கணக்கின் விடைகளும் சேர்ந்தே வருகின்றன. எது உங்களுடையது என்று பிரித்தெடுப்பது உங்கள் வேலை. அதற்குப் பிரதியிடுவது ஒரு வழி. அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். இதில் பாதிப் பேருக்குக் குழப்பம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். √9 என்றால் எவ்வளவு? 3 மட்டும்தான், ±3 இல்லை. "ஆனால் க² = 9 என்றால் க = ±3 என்று படித்தோமே" என்று கேட்பீர்கள். அது வேறு கேள்வி. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினால் 9 வரும் என்று கேட்டால் இரண்டு எண் உண்டு. √ என்ற குறியோ அந்த இரண்டில் மைனஸ் இல்லாததை மட்டும் குறிப்பது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். ஒரு குறி ஒரே எண்ணைக் குறித்தால்தான் அதை வைத்துக் கூட்டவோ பெருக்கவோ முடியும். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் மூலக்குறிக்கு முன்னால் ± என்று தனியாக எழுதுகிறோம் அல்லவா? √ என்பதற்குள்ளேயே இரண்டும் அடங்கியிருந்தால் அந்த ± தேவையே இல்லை. இந்தக் குறி முதன்முதலில் அச்சில் வந்தது 1525-இல், கிறிஸ்டோஃப் ருடால்ஃப் எழுதிய ஜெர்மன் இயற்கணித நூலில். அதன் தலைக்கு மேல் நீண்ட கோட்டைச் சேர்த்தவர் டெகார்த், 1637-இல்.

இப்போது வர்க்கப்படுத்தும் வேலைக்கு வருவோம். இரண்டு எண்கள் சமம் என்றால் அவற்றின் வர்க்கங்களும் சமம். இது எப்போதும் உண்மை. ஆனால் வர்க்கங்கள் சமம் என்பதால் எண்கள் சமம் என்று சொல்ல முடியாது; 5-க்கும் −5-க்கும் வர்க்கம் 25-தான். ஒரு சமன்பாட்டின் இருபுறமும் 7-ஐக் கூட்டினால் திரும்ப 7-ஐக் கழித்து வந்த வழியே போகலாம். பூஜ்ஜியமல்லாத எண்ணால் பெருக்கினாலும் அப்படியே. வர்க்கப்படுத்திவிட்டால் மட்டும் திரும்பும்போது பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆகவே நீங்கள் ஒரு வரியிலும் தப்புச் செய்யவில்லை என்பது சரிதான். ஒவ்வொரு வரியும் "மேல்வரி உண்மையானால் கீழ்வரியும் உண்மை" என்ற அளவில் சரி. "கீழ்வரி உண்மையானால் மேல்வரியும் உண்மை" என்று எந்த வரியும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கடைசி வரியில் கிடைத்தவற்றுக்கு வெளியே விடை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

வரைபடத்தாளில் போட்டால் இது கண்ணுக்கே தெரியும். √(க + 6) என்பது பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒரு பரவளையத்தின் மேல்பாதி, −6-இல் தொடங்கி வலப்பக்கமாக மெல்ல ஏறும். அதோடு ஆதிப்புள்ளி வழியாக 45 பாகையில் ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு மேல்பாதியை வெட்டும் இடம் (3, 3). வர்க்கப்படுத்துவது என்றால் மறைந்திருந்த கீழ்பாதியையும் வரைந்துவிடுவது. அதே கோடு கீழ்பாதியை (−2, −2)-இல் வெட்டுகிறது.

சரி, அந்தச் சுலபமான வழி. மூலக்குறிக்குள் இருப்பதை 'ம' என்றும் மறுபக்கம் இருப்பதை 'ப' என்றும் வையுங்கள். √ம = ப என்பதும், "ம = ப², மேலும் ப ≥ 0" என்பதும் முழுக்க முழுக்க ஒன்றே. இரண்டு திசையிலும் போகலாம். வர்க்கப்படுத்தும் வரியிலேயே பக்கத்தில் ப ≥ 0 என்று ஒரு நிபந்தனையை எழுதிவிட்டால் பொய் மூலம் நுழையவே வழியில்லை. பலரும் ம ≥ 0 என்பதையும் எழுதி, அந்த அசமன்பாட்டைத் தீர்க்கப் பாதிப் பக்கத்தைச் செலவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. ம என்பது ப-வின் வர்க்கத்துக்குச் சமம் என்று ஆனபிறகு அது தானாகவே மைனஸ் இல்லாமல்தான் இருக்கும்.

இதன் அருமை விடை அசிங்கமாக வரும்போதுதான் தெரியும். √(2க + 5) = க − 1 என்பதை எடுங்கள். வர்க்கப்படுத்தினால் 2க + 5 = க² − 2க + 1, அதாவது க² − 4க − 4 = 0. விடைகள் 2 + 2√2, 2 − 2√2. இவற்றை மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டால் மூலத்துக்குள் மூலம் வந்து நிற்கும். பரீட்சை ஹாலில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது. நிபந்தனையோ க ≥ 1. முதல் விடை ஏறத்தாழ 4.83, இரண்டாவது −0.83. முதலாவது நிற்கிறது, இரண்டாவது போகிறது. முடிந்தது.

இங்கே ஒரு தவறான விதி புழக்கத்தில் இருக்கிறது, அதை உடைத்தாகவேண்டும். "மைனஸ் விடை வந்தால் தள்ளிவிடு" என்று சில டியூஷன்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் தற்செயலாக அது வேலை செய்யும். √(க(க − 7)) = 3√2 என்பதில் என்ன ஆகிறது பாருங்கள். வர்க்கப்படுத்தினால் க² − 7க = 18, விடைகள் 9, −2. −2-ஐப் போட்டால் (−2) × (−9) = 18, √18 = 3√2. சரியான விடை! வலப்பக்கம் 3√2 என்பது எப்போதுமே மிகை எண், ஆகவே இங்கே நிபந்தனை என்று ஒன்றும் இல்லை. −2-ஐத் தள்ளினால் மதிப்பெண் போகும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். √(க + 7) = க − 5 என்பதைத் தீர்த்தால் க² − 11க + 18 = 0, விடைகள் 9, 2. இரண்டுமே மிகை எண்கள். 9-ஐப் போட்டால் 4 = 4. 2-ஐப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. பொய் மூலம் 2. பார்க்கவேண்டியது க-வின் குறியை இல்லை, க − 5 என்ற அந்தப் பக்கத்தின் குறியை.

பேனாவை எடுக்கும் முன் சமன்பாட்டை ஒரு முறை உற்றுப் பார்ப்பதும் நல்லது. √(க − 3) + 5 = 2 என்று கொடுத்தால் தீர்க்கவே வேண்டாம். மூலம் −3 ஆகவேண்டும், அது நடக்காது, விடை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். √(க − 8) + √(5 − க) = 4 என்பதும் அப்படித்தான்: முதல் மூலத்துக்குக் க 8-க்குக் குறையக்கூடாது, இரண்டாவதுக்கு 5-ஐத் தாண்டக்கூடாது. இரண்டும் சேர்ந்து எங்கும் நடக்காது. போட்டித் தேர்வுகளில் இப்படிப்பட்டதை வேண்டுமென்றே வைப்பார்கள். வர்க்கப்படுத்த ஆரம்பித்தவர் ஐந்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வருவார்.

இரண்டு மூலக்குறி இருந்தால் பொதுவான அறிவுரை: ஒன்றைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்தி வர்க்கப்படுத்து, மிச்சம் இருக்கும் மூலத்தைத் தனியாக்கு, மறுபடி வர்க்கப்படுத்து. சரியான அறிவுரைதான். ஆனால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன்.

√(2க + 3) − √(க + 1) = 1

இரண்டாவது மூலத்தை வலப்பக்கம் கொண்டுபோங்கள். மைனஸோடு விட்டு வர்க்கப்படுத்தினாலும் விடை வரும், ஆனால் கூட்டலாக இருந்தால் குறியில் சறுக்குவது குறையும்.

√(2க + 3) = 1 + √(க + 1)

வலப்பக்கம் எப்போதும் மிகை எண். ஆகவே வர்க்கப்படுத்துவதில் எந்த ஆபத்தும் இல்லை, நிபந்தனையும் தேவையில்லை.

2க + 3 = 1 + 2√(க + 1) + க + 1

(நடு உறுப்பான 2√(க + 1)-ஐ விட்டுவிடுவது இந்தப் பாடத்திலேயே அதிகம் நடக்கும் தப்பு. இரண்டு உறுப்பின் கூடுதலை வர்க்கப்படுத்தும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திவிட்டு நிறுத்திவிடுவார்கள்.)

சுருக்கினால்

க + 1 = 2√(க + 1)

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். இடப்பக்கம் இருப்பது √(க + 1) × √(க + 1) அல்லவா, இருபுறமும் √(க + 1)-ஆல் வகுத்தால் √(க + 1) = 2, க = 3. பிரதியிட்டால் √9 − √4 = 1, சரியாக வருகிறது. சந்தோஷமாக அடிக்கோடு போட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் க = −1-ஐப் போட்டுப் பாருங்கள்: √1 − √0 = 1. அதுவும் விடை! வகுத்தபோது அது தொலைந்துபோனது. √(க + 1) பூஜ்ஜியமாக இருக்கக்கூடும் என்பதை மறந்து வகுத்ததன் விலை அது. வகுப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால், √(க + 1) × (√(க + 1) − 2) = 0, இரண்டு விடையும் கைக்கு வரும்.

என் கணிப்பில் பொய் மூலத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து. கூடுதலாக வந்த விடையைப் பிரதியிட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். தொலைந்த விடையை எந்தச் சரிபார்ப்பும் திருப்பிக் கொண்டுவராது. கைக்கு வராததை எதில் பிரதியிடுவது? பாடப்புத்தகங்கள் முதலாவதைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு மூலம் வரும்போதெல்லாம் இரண்டு முறை வர்க்கப்படுத்தியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. √(க + 5) + √க = 5 என்பதைப் பாருங்கள். (√(க + 5) + √க) × (√(க + 5) − √க) என்பது (க + 5) − க, அதாவது 5. முதல் அடைப்பின் மதிப்பு 5 என்று கணக்கே சொல்கிறது. ஆகவே இரண்டாவது அடைப்பு 1. கூடுதல் 5, வித்தியாசம் 1 என்றால் √(க + 5) = 3, √க = 2, க = 4. வர்க்கப்படுத்தவே இல்லை. மூலங்களுக்குள் இருப்பவற்றின் வித்தியாசத்தில் க அடிபட்டுப் போகும் இடங்களில் எல்லாம் இந்த இணைப்பெருக்கல் வித்தை அழகாக வேலை செய்யும்.

இதே கணக்கை ஊகத்திலும் முடிக்கலாம், அதுவும் முறையான நிரூபணத்தோடு. க ஏற ஏற √க ஏறும், √(க + 5) ஏறும், கூடுதலும் ஏறிக்கொண்டே போகும். ஏறிக்கொண்டே போவது 5 என்ற மட்டத்தை ஒரு முறைதான் தாண்ட முடியும். க = 4 பொருந்துகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அதுவே ஒரே விடை. இதை எழுதிக் காட்டினால் எந்தத் திருத்துபவரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது.

அதிலேயே ஒரே ஒரு குறியை மாற்றி √(க + 5) − √க = 5 என்று வைத்தால் என்ன ஆகும்? √க-வை வலப்பக்கம் கொண்டுபோய் வர்க்கப்படுத்தினால் க + 5 = 25 + 10√க + க, ஆகவே √க = −2. இங்கேயே நிறுத்தி 'விடை இல்லை' என்று எழுதவேண்டும். பழக்கதோஷத்தில் இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் மறுபடியும் க = 4 வந்து நிற்கும், ஆனால் 3 − 2 என்பது 5 ஆகாது. இரண்டு மூலக்குறிகளுக்கும் தனித்தனியாக ப்ளஸ், மைனஸ் என்று நான்கு ஜோடிக் கணக்குகள் இருக்கின்றன. முழுக்க வர்க்கப்படுத்திவிட்டால் நான்கும் ஒரே சமன்பாடாகிவிடும். 4 என்பது அந்த நான்கில் கூட்டலாக இருக்கும் கணக்குக்கு உரியது.

இன்னொரு வகை உண்டு. மூலக்குறிக்குள் இருக்கும் கோவையே வெளியிலும் தலைகாட்டும்.

க² − 5க + 4 + √(க² − 5க + 10) = 0

மூலத்தைத் தனியாக்கி வர்க்கப்படுத்தினால் நான்காம் படிச் சமன்பாடு வந்து வாயைப் பிளக்கும். அதைவிட, மூலம் முழுவதையும் ட என்று வைத்துவிடுங்கள். க² − 5க என்பது ட² − 10 ஆகிறது. சமன்பாடு ட² + ட − 6 = 0. ட = 2 அல்லது −3. ட என்பது ஒரு வர்க்கமூலம், மைனஸ் ஆக முடியாது, ஆகவே −3 இங்கேயே கழன்றுவிடுகிறது. ட = 2 என்றால் க² − 5க + 6 = 0, விடைகள் 2, 3. இரண்டும் சரி. நான்காம் படி வழியில் போயிருந்தால் இந்த இரண்டோடு (5 ± √21)/2 என்று இரண்டு பொய் மூலங்களும் வந்திருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரதியிட்டுத் தள்ளவேண்டியிருந்திருக்கும். ஜோடிக் கணக்கின் விடைகளை க வரை வளரவிடாமல் ட நிலையிலேயே வெட்டிவிடுவதுதான் இந்த வழியின் லாபம்.

√(க²) = க என்று எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். க = −4 என்றால் √16 = 4, அது க இல்லை, −க. √(க²) என்பது க-வின் மட்டு மதிப்பு. √(க² − 6க + 9) = 3 − க என்ற கணக்கை இதை மறந்து செய்தால் க − 3 = 3 − க, க = 3 என்று ஒரே விடை வரும். உண்மையில் 3-ம் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் விடை. முடிவில்லாத விடைகள்!

இந்தப் பொய் மூலச் சிக்கல் மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தோடு வந்தது என்று நினைக்கவேண்டாம். 1114-இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் மூலம் கலந்த கணக்குகள் தனி வகையாகவே இருக்கின்றன, அவற்றுக்கென்று ஒரு சூத்திரமும் இருக்கிறது. வண்டுக் கூட்டம் ஒன்று. அதன் பாதியின் வர்க்கமூலம் மாலதிப் பூவை நாடிப் போனது, மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போனது. மிச்சம் இரண்டு. ஒன்று ஆண் வண்டு, வாசத்தில் மயங்கித் தாமரைக்குள் இரவில் மாட்டிக்கொண்டு ரீங்கரிக்கிறது. வெளியே ஒரு பெண் வண்டு அதற்குப் பதில் குரல் கொடுக்கிறது. மொத்தம் எத்தனை?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது, ஆனால் கூட்டத்தின் எண்ணிக்கையை இருமடங்கு வர்க்கமாக எடுத்தே கொடுத்துவிடுகிறார்கள். மாணவருக்கு மூலக்குறியே தெரியாமல் போகிறது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், இருந்தாலும் கணக்கின் ருசி அதில்தான் இருந்தது. நாம் மூலத்தோடே பார்ப்போம்:

√(க/2) + 8க/9 + 2 = க

√(க/2) = ட என்று வைத்தால் க = 2ட². சுருக்கினால் 2ட² − 9ட − 18 = 0. ட = 6 அல்லது −3/2. ட = 6 என்றால் 72 வண்டுகள்: பாதி 36, மூலம் 6, ஒன்பதில் எட்டுப் பங்கு 64, மிச்சம் 2, கூட்டினால் 72. ட = −3/2 என்றால் நாலரை வண்டு! அதையும் ஒரு முறை சரிபாருங்கள். நாலரையில் பாதி இரண்டேகால், மூலம் ஒன்றரை. ஒன்பதில் எட்டுப் பங்கு 4. ஒன்றரையைக் கூட்டாமல் கழித்தால், 4 + 2 − 1.5 = 4.5. அச்சாகப் பொருந்துகிறது. ஜோடிக் கணக்கின் விடை இங்கேயும் தவறாமல் ஆஜர்.

நாலரை வண்டு என்பதால் இங்கே யாரும் ஏமாறமாட்டார்கள். முழு எண்ணாகவே பொய் மூலம் வந்தால்? பாஸ்கரரின் பீஜகணிதத்தில் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் குறைத்து, அதை வர்க்கப்படுத்தினால் வரும் அளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் ஏறி நிற்பது தெரிகிறது. மொத்தம் எத்தனை? (க/5 − 3)² + 1 = க என்பது சமன்பாடு; தீர்த்தால் க² − 55க + 250 = 0, விடைகள் 50, 5. இரண்டுமே முழு எண், இரண்டுமே சமன்பாட்டில் பொருந்தும். ஆனால் 5-ஐ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் மூன்றைக் குறைத்தால் −2. ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கை எப்படிக் குறைப்பது? இரண்டாவது விடை பொருத்தமற்றது, கொள்ளவேண்டாம் என்கிறார் பாஸ்கரர். கண்ணால் காணும் பொருள் குறை எண்ணாவதை உலகம் ஏற்காது என்று காரணமும் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு குரங்குக் கணக்கில் 16, 48 என்று வரும் இரண்டு விடையையும் ஏற்றுக்கொள்கிறார். ஆக, கண்மூடித்தனமாக ஒன்றைத் தள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

குகைக் கணக்கை √(க − 1) = க/5 − 3 என்று எழுதிப் பாருங்கள். நாம் மேலே பேசிய √ம = ப வடிவம். க/5 − 3 ≥ 0 என்ற நிபந்தனை 5-ஐத் தள்ளுகிறது. பாஸ்கரர் குரங்குகளை வைத்துச் சொன்ன காரணமும் நம் நிபந்தனையும் ஒன்றே.

கடைசியாக, இந்த வகைச் சமன்பாடு பரீட்சைக்கு வெளியே எங்கே வரும் என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் ஒரு உதாரணம். கிணற்றில் கல்லைப் போட்டு, 'டப்' என்று சத்தம் கேட்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துத் தண்ணீர் மட்டத்தின் ஆழத்தைக் கணிப்பது. ஆழம் க மீட்டர் என்றால் கல் விழ √(2க/9.8) வினாடி ஆகும். சத்தம் மேலே வர க/340 வினாடி. (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம், 340 என்பது காற்றில் ஒலியின் வேகம், இரண்டும் மீட்டர், வினாடிக் கணக்கில்.) மொத்தம் 2 வினாடி என்று வைப்போம்.

√(2க/9.8) + க/340 = 2

√க = ட என்று வைத்தால் ட² + 153.6ட − 680 = 0. ட ஏறத்தாழ 4.31, ஆழம் 18.5 மீட்டர். சத்தத்தின் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் 4.9 × 2² என்று போட்டவருக்கு 19.6 மீட்டர் கிடைத்திருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கயிறு வாங்கப்போகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் கிணறு ஆழமாக ஆக வித்தியாசம் வேகமாகக் கூடும்.

ட-வின் இன்னொரு மதிப்பு −157.9. அதை வர்க்கப்படுத்தினால் ஆழம் ஏறத்தாழ 24,930 மீட்டர், சுமார் 25 கிலோமீட்டர்! இதுவும் கணக்குப் பிசகினால் வந்ததில்லை. 25 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து சத்தம் மேலே வர 73.3 வினாடி ஆகும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் கல் விழ 71.3 வினாடி. இரண்டையும் கூட்டாமல் கழித்தால் சரியாக 2. அதாவது, கல்லையும் ஒரு சத்தத்தையும் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழே அனுப்பினால், சத்தம் கல்லைவிட 2 வினாடி பின்தங்கிப் போய்ச் சேரும் ஆழம் எது என்ற கேள்விக்கு இதுதான் விடை. நீங்கள் அதைக் கேட்கவில்லை, வர்க்கப்படுத்தியபோது அதுவும் சேர்ந்து கேட்கப்பட்டுவிட்டது.